பழுதான கனரக இயந்திரத்தை இரும்பு விலைக்கு வாங்கலாமா? கணக்கிட்டு முடிவெடுக்கும் முறை

ஓடாமல் நிற்கும் ஒரு பொக்லைனையோ டோசரையோ பார்க்கும்போது, இவ்வளவு பெரிய இரும்பு எந்த விலைக்கு வாங்கினாலும் நட்டம் தராது என்ற எண்ணம்தான் முதலில் எழும். இந்தத் தொழிலில் பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே இழந்திருக்கிறார்கள். இயந்திரத்தின் எடை கண்ணுக்குத் தெரிகிறது. அதை அங்கிருந்து தூக்கி, வெட்டி, தரம் பிரித்து, உருக்காலை ஏற்கும் பொருளாக மாற்றுவதற்கு ஆகும் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, வாங்கும் விலையை விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து கீழ்நோக்கிப் பேரம் பேசிக் கண்டுபிடிக்கக் கூடாது. நாம் கடைசியாக விற்கப்போகும் இடத்தின் விலையிலிருந்து செலவுகளைக் கழித்துக்கொண்டே பின்னோக்கி வந்து கண்டுபிடிக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தக் கணக்குக்குத் தேவையான எண்களைத் திரட்டுவதற்கானவை.

முதல் படி: விற்கும் இடத்தை முதலில் முடிவு செய்தல்

இயந்திரத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே, பழைய இரும்பை எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று கொள்முதல் நிலையங்களில் அன்றைய விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே இரும்புக்குப் பல விலைகள் உண்டு. வெட்டாத பெரிய துண்டுகளுக்கு ஒரு விலை, உலைக்கு ஏற்ற அளவில் வெட்டியதற்கு ஒரு விலை, வார்ப்பிரும்புக்கு ஒரு விலை, எண்ணெய் வடிக்காத எஞ்சினுக்கு ஒரு விலை என்று அது பிரியும். பன்னாட்டு வணிகத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் வரையறையின்படி, முதல் தரக் கன எஃகு என்பது கால் அங்குலமோ அதற்கு மேலோ, அதாவது ஏறத்தாழ 6 மி.மீ. தடிமன் கொண்டதாகவும், ஒவ்வொரு துண்டும் 60 அங்குல நீளம், 24 அங்குல அகலத்துக்கு மிகாததாகவும் இருக்க வேண்டும். பொக்லைனின் பூம் (மேற்பகுதியோடு இணைந்த பெரிய கை), ஆர்ம் (பக்கெட்டைத் தாங்கும் முன்கை), அடிச்சட்டம், டிராக் (சக்கரத்துக்குப் பதிலான இரும்புச் சங்கிலிப் பட்டை) தட்டுகள் ஆகியவை தடிமனில் இந்தத் தரத்துக்குத் தகுதியானவை. கேபின் தகடு, எஞ்சின் மூடி, டீசல் தொட்டி போன்றவை மெல்லிய தகடு என்பதால் கீழ்த்தரத்தில் போய்விடும்.

வெட்டிய விலைக்கும் வெட்டாத விலைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னை வெட்ட நமக்கு ஆகும் செலவு அந்த வேறுபாட்டைவிடக் கூடுதலாக இருந்தால், இயந்திரத்தை முழுதாகவோ பெருந்துண்டுகளாகவோ விற்பதே நல்லது. பெரிய ஹைட்ராலிக் கத்தரி வைத்திருக்கும் நிலையம் அருகில் இருந்தால், கேஸ் கட்டிங் செய்து நாள்களைக் கழிப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: எடையை மதிப்பிடுதல்

இயந்திரத்தின் மாதிரிப் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரக் கையேட்டில் இயக்க எடையைத் தேடி எடுக்கலாம். ஆனால் அந்த எடை எதையெதையெல்லாம் உள்ளடக்கியது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 6016 என்ற தர அளவீட்டின்படி, இயக்க எடையில் நிரம்பிய டீசல் தொட்டி, எல்லா எண்ணெய்களும் நீர்மங்களும், 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஆகிய அனைத்தும் சேர்ந்திருக்கும். டீசலின் எடை லிட்டருக்கு ஏறத்தாழ 0.84 கிலோ என்பதால், 400 லிட்டர் தொட்டி என்றால் ஓட்டுநரையும் சேர்த்து 400 கிலோவுக்கு மேல் அந்த இடத்திலேயே குறைந்துவிடும். ஹைட்ராலிக் எண்ணெய், எஞ்சின் எண்ணெய், குளிர்விப்பு நீர் என்று 20 டன் வகை இயந்திரத்தில் இன்னும் 300 கிலோ அளவுக்குக் கழிக்கலாம். பக்கெட் இல்லையென்றால் அதற்கும் ஏறத்தாழ ஒரு டன் கழியும்.

கையேடு கிடைக்காத பழைய இயந்திரங்களுக்கு அளவுநாடா போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 10 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுத் தகட்டின் எடை 78.5 கிலோ. தகடு 20 மி.மீ. என்றால் அதன் இருமடங்கு. பெட்டி வடிவ பூமின் நான்கு பக்கங்களையும் அளந்து, தடிமனை ஒரு திறந்த ஓரத்தில் பார்த்துப் பெருக்கினால், குத்துமதிப்பைவிட எவ்வளவோ நம்பகமான எண் கிடைக்கும். பூம் உள்ளே வெற்றிடம் என்பதை மறந்து அதைக் கனமான கட்டையாக எண்ணுவது, புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இனி, பின்பக்க எடைக்கட்டைக்கு, அதாவது கவுன்டர்வெயிட்டுக்கு வருவோம். இதில்தான் மிகுந்த கவனம் தேவை. ஒரு 20 டன் வகை பொக்லைனில் அது மட்டுமே ஏறத்தாழ 4 டன் வரை இருக்கும். சில இயந்திரங்களில் அது முழுக்க வார்ப்பிரும்பு. வேறு சிலவற்றில் அது எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த வெறும் பெட்டி. உள்ளே கான்கிரீட்டோ, இரும்புத் துணுக்குகள் கலந்த சிமென்ட்டோ நிரப்பியிருப்பார்கள். இரும்பு நிலையத்தில் கான்கிரீட்டுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். அதைக் கொட்டுவதற்கு நாம்தான் பணம் தர வேண்டும். நான் தொடக்கக் காலத்தில் வாங்கிய ஓர் இயந்திரத்தில் இதைச் சரிபார்க்காமல் விட்டதால், இலாபம் என்று எண்ணியிருந்த தொகை முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போனது. அன்று முதல் எந்த இயந்திரத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் அதன் பின்பக்கம்தான் போகிறேன்.

வேறுபாட்டைக் கண்டறிவது கடினமன்று. வார்ப்பாகச் செய்ததன் மேற்பரப்பு, வண்ணத்துக்கு அடியிலும் மணல் அச்சின் சொரசொரப்பைக் காட்டும்; மூலைகள் உருண்டிருக்கும்; தூக்குவளையத்துக்கான இடமும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். பெட்டியாகச் செய்ததில் விளிம்புகளில் பற்றவைப்புக் கோடுகள் தெரியும். ஐயம் தீரவில்லையென்றால், உரிமையாளரின் ஒப்புதலோடு கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு துளையிட்டுப் பார்க்கலாம். வார்ப்பிரும்பு கரிய பொடியாகவும் குறுந்துணுக்குகளாகவும் உதிரும். எஃகு சுருள் சுருளாக வரும். சிறிது ஆழத்தில் சுருள் நின்று சாம்பல் நிறத் தூசு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வார்ப்பாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. எஃகை வெட்டும் ஆக்சிஜன் கேஸ் சுடர் வார்ப்பிரும்பை ஒழுங்காக வெட்டாது. அதிலுள்ள கிராஃபைட்டும் மேலே உருவாகும் ஆக்சைடும் சுடரைத் தடுத்து, வெட்டுவதற்குப் பதிலாக உருகி வழியும். கனமான குண்டைக் கிரேனிலிருந்து விழச்செய்தோ உடைப்புக் கருவியைக் கொண்டோதான் அதைத் துண்டாக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர் அதை முழுக்கட்டையாகவே விற்க நேரிடும் என்பதால், எடைக்கட்டையை வெட்டாத இரும்பின் விலையில் மட்டுமே கணக்கிடுவது பாதுகாப்பானது. மாறாக, கட்டை நல்ல நிலையில் இருந்து, அதே மாதிரி இயந்திரம் வைத்திருப்பவர் யாராவது தேடிக்கொண்டிருந்தால், அது உதிரிபாக விலைக்கே போகும்.

சக்கர லோடராக இருந்தால் டயரைத் தனியாகப் பாருங்கள். பெரிய டயர்கள் ஒவ்வொன்றும் சில நூறு கிலோ இருக்கும். தேய்ந்துபோனவை இரும்பு எடையில் சேராது; அகற்றவும் செலவாகும். சில டயர்களுக்குள் எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசலோ, பஞ்சர் ஆகாமலிருக்கப் பாலியூரித்தேன் நுரையோ நிரப்பியிருப்பார்கள். நுரை நிரப்பியதை ரிம்மிலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

டிராக் இயந்திரங்களில் ரோலர்களுக்கிடையே இறுகிப்போன சேறு சில நூறு கிலோ இருக்கக்கூடும். அது எடைமேடையில் காட்டும் எடையை உயர்த்தும். கொள்முதல் நிலையம் அதைக் கழித்துவிடும். எடைக்கணக்கில் வாங்குபவர் இரும்பு விலை கொடுத்துச் சேற்றை வாங்குகிறார் என்பதை நினைவில் கொண்டு, சுத்தம் செய்த பிறகே எடை போட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: இரும்பல்லாத உலோகங்கள்

இதை அளவோடு எதிர்பாருங்கள். டீசலில் ஓடும் பொக்லைனிலோ டோசரிலோ செம்பு மிகக் குறைவு: ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், வயர்கள், அவ்வளவுதான். ரேடியேட்டர் பழைய இயந்திரங்களில் செம்பும் பித்தளையுமாக இருக்கும். புதியவற்றில் பெரும்பாலும் அலுமினியம். செம்பு ஒரு கன செ.மீ.க்கு 8.96 கிராம், அலுமினியம் 2.7 கிராம் என்பதால், தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். பேட்டரிகளின் எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால் அவை எப்போதும் விலை போகும். ஆனால் கைவிடப்பட்ட இயந்திரத்திலிருந்து முதலில் காணாமல் போவதும் அவைதான்.

செம்பு மிகுந்திருப்பது ஜெனரேட்டர்களிலும், பெரிய மின்மோட்டார்களிலும், மின்சக்தியில் சக்கரத்தைச் சுழற்றும் சுரங்க டம்பர்களிலும்தான். அங்கும் சுருள்கள் செம்பா அலுமினியமா என்பதைக் காப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகே விலை பேச வேண்டும்.

காந்தம் எப்போதும் கையில் இருக்கட்டும். ஆனால் அதன் தீர்ப்பை முழுமையாக நம்பிவிட வேண்டாம். கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தட்டுகள் பெரும்பாலும் மாங்கனீசு எஃகால் ஆனவை. ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882இல் உருவாக்கிய இந்த எஃகில் 11 முதல் 14 விழுக்காடு வரை மாங்கனீசு இருக்கும். காந்தம் அதில் ஒட்டாது. காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக அதைத் துருப்பிடிக்காத எஃகின் விலைக்கு வாங்கிவிட்டால் பெரும் நட்டம்.

நான்காம் படி: இரும்பா, உதிரிபாகமா?

விற்பவர் "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது", அதாவது சுழலாமல் இறுகிவிட்டது, என்று சொல்வதை அவருடைய கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரைப் பொருத்தித் திருப்பிப் பாருங்கள். சிறிதேனும் நகர்ந்தால், குறை ஸ்டார்ட்டரிலோ பேட்டரியிலோகூட இருக்கலாம். நகரவே இல்லையென்றால், சிலிண்டருக்குள் நீர் இறங்கி நிற்பதாலும் அப்படி ஆகலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் திருப்பினால் தெரியும். எண்ணெய் அளவுகோலில் பால்போல் வெளுத்த எண்ணெய் வந்தால் குளிர்விப்பு நீர் கலந்திருக்கிறது. பிளாக்கில் ஓட்டை விழுந்து கனெக்டிங் ராடு வெளியே எட்டிப் பார்த்தால் ஆராய வேண்டியது எதுவுமில்லை, அது வார்ப்பிரும்பு.

ஹைட்ராலிக் பம்ப்பின் நிலையை அதன் வடிகட்டி சொல்லிவிடும். வடிகட்டியைத் திறந்து மடிப்புகளுக்கிடையே பாருங்கள். பொன்னிறத் துகள்கள் மின்னினால், பம்ப்புக்குள் இருக்கும் வெண்கலப் பகுதிகள் தேய்ந்து உதிர்ந்திருக்கின்றன; அந்தத் துகள்கள் வால்வுகளுக்கும் மோட்டார்களுக்கும் பரவியிருக்கும் என்பதால் அவற்றின் மதிப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும். டிராக்கைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவின் வடிகால் திருகை அவிழ்த்து எண்ணெயைப் பாருங்கள். மை போன்ற நுண்துகள் இயல்பான தேய்மானம். நகத்தளவு செதில்கள் வந்தால் பற்சக்கரம் உடைந்திருக்கிறது. சிலிண்டர் தண்டுகளில் குரோம் பூச்சு உரிந்து குழி விழுந்திருந்தால் அவற்றை இரும்பாகவே எண்ணுங்கள்.

தீப்பிடித்த இயந்திரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வெளியே முழுதாகத் தெரியும் பாகங்களுக்கும் உதிரிபாக விலை கொடுக்க வேண்டாம். வெப்பத்தால் சீல்கள் கருகியிருக்கும். பதப்படுத்திய எஃகு தன் கடினத்தன்மையை இழந்திருக்கும். அது எந்த அளவுக்கு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

நல்ல நிலையிலுள்ள பம்ப்போ, மேற்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டாரோ, ஃபைனல் டிரைவோ தன் இரும்பு எடையின் மதிப்பைப்போலப் பல மடங்கு விலை பெறும் என்பது உண்மை. எனினும், வாங்குபவர் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய பாகத்தை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. மற்றவை விற்றால் கூடுதல் வரவு. ஒரே மாதிரி இயந்திரங்கள் அந்த வட்டாரத்தில் நிறைய ஓடிக்கொண்டிருந்தால் பாகங்கள் விரைவில் போகும். அரிய மாதிரியாக இருந்தால், பொன்போன்ற பம்ப்பும் ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும்.

ஐந்தாம் படி: எடுத்து வரும் வழியும் ஆபத்துகளும்

இயந்திரம் நிற்கும் இடத்துக்குக் கிரேனும் லோபெட் (தாழ்தள) டிரெய்லரும் வர முடியுமா என்று நடந்து பாருங்கள். பாலத்தின் தாங்குதிறன், தாழ்ந்த மின்கம்பி, மழையில் இளகும் மண், குறுகிய வளைவு ஆகிய ஒவ்வொன்றும் செலவை ஏற்றும். எஞ்சின் ஓடாத டிராக் இயந்திரத்தை இழுத்தால் உருளும் என்று எண்ண வேண்டாம். அதன் நிறுத்துப் பிரேக் பெரும்பாலும் ஸ்பிரிங் அழுத்தத்தால் பிடித்துக்கொண்டு, ஹைட்ராலிக் அழுத்தம் வந்தால் மட்டுமே விடுபடும் அமைப்பு. ஃபைனல் டிரைவைத் திறந்து உள்ளிருக்கும் பற்சக்கரத்தை எடுத்தால்தான் டிராக் சுழலும். சதுப்பில் பாதி புதைந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை, அது எவ்வளவு மலிவாக வந்தாலும், மீட்புச் செலவை எழுத்தில் ஒப்புக்கொண்ட கிரேன்காரர் கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெட்டும்போது உயிரைப் பறிக்கக்கூடிய பாகங்கள் எவையெவை என்பதையும் வாங்கும் முன்பே எண்ணிவைக்க வேண்டும். டிராக்கை இறுக்கி வைக்கும் பெருஞ்சுருள் ஸ்பிரிங் பல டன் விசையோடு அழுந்தியிருக்கும். அதன் கூட்டைச் சுடரால் வெட்டினால் குண்டுபோல் பாயும். அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ஹைட்ராலிக் அக்குமுலேட்டர்களிலும் டம்பர்களின் சஸ்பென்ஷன் சிலிண்டர்களிலும் உயர் அழுத்த நைட்ரஜன் அடைந்திருக்கும். பல துண்டுகளாகப் பூட்டப்பட்ட சக்கர ரிம்களில், வால்வின் உள்திருகை எடுத்துக் காற்றை முழுதும் வெளியேற்றாமல் நட்டில் கை வைக்கக் கூடாது. காலியான டீசல் தொட்டியில் ஆவி நிறைந்திருக்கும். பழைய பிரேக் லைனிங், கிளச், கேஸ்கெட் ஆகியவற்றில் கல்நார் இருக்கக்கூடும்.

ஆலைகளிலிருந்து வரும் பழைய கருவிகளில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் இருக்கலாம். 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்துகிறது. பரிசோதனைச் சான்று இல்லாத பழைய மின்மாற்றியை வாங்க வேண்டாம். கன்வேயர்களிலும் கலவை ஆலைகளிலும் அளவு பார்க்கும் கருவிக்குள் கதிரியக்கப் பொருள் பொதிந்திருக்கலாம். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றைப் பழைய உலோகமாக எண்ணிப் பிரித்தபோது வெளிப்பட்ட சீசியம்-137 நால்வரின் உயிரைப் பறித்தது. மூவிதழ்க் கதிரியக்கக் குறி உள்ள எந்தப் பெட்டியையும் தொடாமல், உரிய அரசுத் துறைக்கு அறிவிக்க வேண்டும்.

ஆறாம் படி: கணக்கு

எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி, வெட்டிய கன எஃகின் விலை டன்னுக்கு 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். கையேட்டு எடை 21.5 டன். பக்கெட் இல்லை, 1 டன் கழியும். டீசலும் ஓட்டுநரும் 0.4, மற்ற நீர்மங்கள் 0.3, ரப்பர், கண்ணாடி, இருக்கை முதலியவை 0.3 டன். எடைக்கட்டை 4 டன், ஆனால் கான்கிரீட் நிரப்பியது. எனவே அதில் 1 டன் மட்டுமே இரும்பு என்று கொண்டு 3 டன்னைக் கழிக்கிறோம். எஞ்சுவது 16.5 டன், வரவு 1650 அலகு. வெட்டும் செலவு 250, கிரேனும் டிரெய்லரும் 200, கழிவெண்ணெயும் கான்கிரீட்டும் அகற்ற 50, இடவாடகையும் வட்டியும் 50 என்றால் மொத்தச் செலவு 550, மீதி 1100. விலைச் சரிவுக்கும் நம் உழைப்புக்குமாக வரவில் ஐந்தில் ஒரு பங்கான 330ஐ ஒதுக்கினால், கொடுக்கக்கூடிய உச்ச விலை 770 அலகு.

விற்பவர் மனத்தில் இருப்பதோ 21.5 டன்னை 100ஆல் பெருக்கிய 2150. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பேரத்தால் கடக்க முடியாதபோது, எழுந்து வந்துவிடுவதே சரி. செலவு எண்கள் இடத்துக்கு இடம் மாறும். கழிக்கும் வரிசை மாறாது. சேற்றில் நிற்கும் இயந்திரத்துக்கு மீட்புச் செலவு இன்னும் 400 கூடினால் விலை 370 ஆகிவிடும். செலவு இன்னும் ஏறினால், இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க முடியாத நிலையும் வரும்.

கடைசிப் படி: ஆவணமும் எடைமேடையும்

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எண் தகடு பிடுங்கப்பட்டோ எண்கள் சுரண்டப்பட்டோ இருந்தால், எந்த விளக்கத்தையும் ஏற்காமல் விலகிவிடுங்கள். நிதி நிறுவனக் கடன் நிலுவை இல்லை என்பதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்ளது உள்ளபடி என்று மொத்த விலைக்கு வாங்கினால், பார்த்த அன்றே எல்லாப் பாகங்களையும் படமெடுத்துப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். பார்த்த நாளுக்கும் தூக்கும் நாளுக்கும் இடையில் ரேடியேட்டரும் ஸ்டார்ட்டரும் மறைந்துவிடுவது இத்தொழிலில் அடிக்கடி நடப்பது. எடைக்கணக்கில் வாங்கினால், எந்த எடைமேடை, எடைக்கூலி யாருடையது, கான்கிரீட்டும் டயரும் எப்படிக் கழியும் என்பனவற்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வெறும் வண்டியை அன்றே, அதே மேடையில், ஓட்டுநர் இறங்கிய நிலையில் எடை போடுங்கள். சுமையேற்றிய பிறகும் அதே நிலையில் எடை போட்டு, இரண்டு சீட்டுகளையும் கையில் வாங்கிக்கொண்ட பின்னரே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.